‘என் சர்வர்ல ஒண்ணுமே இல்லையே சார்’

மற்றவர்களுக்கு சர்வரை வாடகைக்கு விடுகிற ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றின் உதவிப் பிரிவில் சில வருடங்கள் இருந்தேன். என்னிடம் வந்த வேலையில் பாதி புகார்களைப் பார்ப்பது. எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் தன் லாகை, அதாவது யார் வந்தார்கள் போனார்கள் என்று மெஷின் எழுதி வைக்கிற குறிப்பைப் பார்த்துவிட்டு, உங்கள் ஐ.பி. (இணையத்தில் ஒரு கணினிக்குரிய எண் முகவரி) ஒன்றிலிருந்து என் மெஷினைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், என்னவென்று பாருங்கள் என்று மெயில் போடுவார். கீழே நாலைந்து வரி லாக் ஒட்டியிருக்கும். அந்த ஐ.பி. யாருடையது என்று தேடினால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுகிற சர்வராக இருக்கும், இல்லையென்றால் ஏதோ ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத் தளமாக இருக்கும். போன் போட்டுச் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "என் சர்வர்ல ஒண்ணுமே இல்லையே சார், அதை வந்து யார் என்ன பண்ணப் போறாங்க?"

இதை யாரும் தட்டிக்கழிப்பதற்காகச் சொல்வதில்லை. மனசார நம்பித்தான் சொல்கிறார்கள். பணம் இருக்கிற வீட்டுக்குத்தானே திருடன் வருவான் என்கிற கணக்கு அது, வாழ்க்கையில் மற்ற எல்லா இடத்திலும் ஓரளவு சரியாக வருகிற கணக்கும்கூட. இன்னொரு பக்கம், எங்கள் துறை ஆட்கள் டீக்கடையில் பேசும்போது சுலபமாக ஒரு தீர்ப்பு சொல்வார்கள்: தெரியாதவன் எதுக்கு சர்வர் வைக்கிறான்? இந்த இரண்டு பேச்சுமே எனக்குச் சரிப்படவில்லை. அந்த வேலையை விட்டு வந்த பிறகும் இது மண்டைக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றுமே இல்லாத சர்வருக்கு யார் வருகிறார்கள்

முதலில் அந்தத் திருடன் கணக்கு ஏன் இங்கே செல்லாது என்று பார்த்துவிடலாம். ஐ.பி.வி4 என்கிற வகை ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஸீமேப் என்று ஒரு கருவியை வெளியிட்டார்கள். நல்ல இணைய வேகம் உள்ள ஒரே ஒரு கணினியை வைத்துக்கொண்டு, இந்த முகவரிகள் அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் ஒரு சுற்று தட்டிப் பார்த்துவிடலாம் என்று காட்டினார்கள். அதாவது உங்களை யாரும் தேர்ந்தெடுத்து வரவில்லை. எல்லாருடைய கதவையும் தட்டுகிறார்கள், அதில் உங்களுடையதும் ஒன்று. புதிதாக ஒரு வி.பி.எஸ். (வாடகைக்குக் கிடைக்கிற மெய்நிகர் சர்வர்) எடுத்து, யாருக்குமே சொல்லாமல், எந்தப் பெயரும் வைக்காமல் சும்மா விட்டுவிட்டு கொஞ்ச நேரம் கழித்து லாகைப் பாருங்கள். அட்மின், டெஸ்ட், உபுண்டு, ஒராக்கிள் என்று வெவ்வேறு பெயரில் யாரோ உள்ளே வரப் பார்த்து பாஸ்வேர்ட் தப்பாகித் திரும்பிப் போன வரிகள் வரிசையாக இருக்கும். இது எந்த ஊர் சர்வராக இருந்தாலும் இப்படித்தான்.

அப்படி உள்ளே வந்தவர்களுக்கு உங்கள் ஃபைல் எதுவும் வேண்டாம். உங்கள் மெஷினும் உங்கள் ஐ.பி. முகவரியும் போதும். 2016-இல் மிராய் என்கிற போட்நெட் (களவாடப்பட்டு ஒருவன் கட்டளைக்கு ஆடுகிற மெஷின்களின் கூட்டம்) பிடித்து வைத்திருந்தது பெரும்பாலும் வீட்டு ரவுட்டர்களையும் கண்காணிப்பு கேமராக்களையும்தான். அதற்கு அது பயன்படுத்தியது 60 சொச்சம் பாஸ்வேர்டுகள் உள்ள ஒரு பட்டியல், கம்பெனியிலிருந்து வரும்போதே பெட்டியில் போட்டு வருகிற பாஸ்வேர்டுகள். அந்தக் கேமராக்களில் திருடுவதற்கு என்ன இருக்கிறது? ஒரு கடை வாசல், ஒரு கார் ஷெட். ஆனால் அதே வருடம் அக்டோபர் 21 அன்று அவை எல்லாம் சேர்ந்து டைன் என்கிற டி.என்.எஸ். நிறுவனத்தை (தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தருகிற சேவை) அடித்தபோது அமெரிக்காவில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் தடுமாறின. கேமரா வைத்திருந்தவருக்கு அன்றைக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. நம் ஊரில் மொட்டைமாடித் தொட்டியை மூடாமல் விட்டால் மாநகராட்சிக்காரர் வந்து அபராதம் போடுகிறாரே, அது உங்கள் வீட்டுக் காய்ச்சலுக்காக இல்லை, தெருவில் எல்லாருக்கும் டெங்கு வரும் என்பதற்காக. சர்வர் விஷயமும் எனக்கு அப்படித்தான் படுகிறது. என்னுடையதில் ஒன்றுமில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரருக்கு அதனால் என்ன ஆகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இதில் இன்னும் சங்கடமான ஒரு வகை உண்டு. 2018 பிப்ரவரி 28 அன்று புரோகிராமர்கள் தங்கள் கோடை வைத்துப் பகிர்கிற கிட்ஹப் தளத்தின் மீது, விநாடிக்கு 1.35 டெராபிட் டேட்டாவைக் கொட்டி ஒரு தாக்குதல் நடந்தது. அதற்குப் பயன்பட்ட சர்வர்களை யாரும் உடைத்துக்கொண்டு உள்ளே போகவே இல்லை. மெம்கேஷ்டு என்று ஒரு மென்பொருள், தளங்களை வேகமாக்குவதற்குப் போடுவது. அதை இன்ஸ்டால் செய்து அப்படியே விட்டவர்களின் சர்வர்கள் 11211 என்ற போர்ட்டில் (போர்ட் என்பது சர்வரில் எண் போட்ட ஒரு கதவு மாதிரி) யார் கேட்டாலும் பதில் அனுப்பிக்கொண்டிருந்தன. சின்னக் கேள்வி ஒன்றை கிட்ஹப்பின் முகவரியிலிருந்து வந்ததுபோல அனுப்பினால், கேட்டதைவிட பல ஆயிரம் மடங்கு பெரிய பதில் கிட்ஹப்பின் தலையில் போய் விழும். அதற்கு முன்னும் பின்னும் அந்த சர்வர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தன.

திண்டுக்கல் பக்கத்து மாஸ்டர்

இனி சொல்லப்போகிறவரின் ஊரையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் பயிற்சி மையம் நடத்துகிறார், பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள், கட்டணம் ரொம்பக் குறைவு. கொரோனா நேரத்தில் மையத்தை மூட வேண்டி வந்தபோது அவருடைய அக்கா பையன் ஒரு வி.பி.எஸ். எடுத்து ஆன்லைனில் மாதிரித் தேர்வு எழுதுகிற மாதிரி ஒரு தளம் போட்டுக் கொடுத்தான். நன்றாகவே போட்டிருந்தான், அதை நான் சொல்லியாக வேண்டும். அப்புறம் அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். தளம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வரைக்கும் யாரும் எதையும் தொடவில்லை.

அவருடைய ஐ.பி.யைப் பற்றி எங்களுக்குப் புகார்கள் வர ஆரம்பித்து, வழக்கமான எச்சரிக்கை மெயில்கள் போய், பதிலே வராமல் கடைசியில் நெட்வொர்க்கைத் துண்டித்தார்கள். அன்றைக்கு சாயங்காலம் மாஸ்டர் போனில் வந்தார். சனிக்கிழமை மாதிரித் தேர்வு இருக்கிறது, பிள்ளைகள் போன் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். மெயில் வந்ததே பார்க்கவில்லையா சார் என்று கேட்டேன். எந்த மெயில் என்றார். கணக்கில் கொடுத்திருந்தது அந்தப் பையனின் பழைய காலேஜ் மெயில் முகவரி. படிப்பு முடிந்ததோடு அது செத்துப்போயிருந்தது.

பையனையும் கான்ஃபரன்ஸில் சேர்த்தோம். சுத்தம் செய்வதற்காக நெட்வொர்க்கைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டோம். அவன் உள்ளே போய், என்னென்ன புரோகிராம் ஓடுகிறது என்று காட்டுகிற டாப் கட்டளை போட்டதும் முதல் வரியிலேயே ஒரு பிராசஸ் மொத்த சி.பி.யூ.வையும் தின்றுகொண்டிருந்தது. சர்வரை இயக்குகிற லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குச் சொந்தமான ஒரு வேலையின் பெயரை எடுத்து, கடைசியில் ஆங்கில ஐ (i) எழுத்தை மட்டும் சேர்த்து வைத்திருந்தார்கள். அவசரமாகப் பார்ப்பவருக்கு அது சிஸ்டத்தின் சொந்த வேலை மாதிரியே தெரியும். கிரிப்டோ காசு தோண்டுகிற மால்வேர் அது, எங்கள் வேலையில் அடிக்கடி பார்ப்பதுதான். தோண்டுவதோடு நிற்காமல் இணையம் முழுக்க இதே மாதிரித் திறந்து கிடக்கிற மற்ற சர்வர்களையும் தேடிக்கொண்டிருந்தது, புகார்கள் வந்தது அதனால்தான். மாஸ்டர் நடுவில் ஒன்று சொன்னார்: "தேர்வு ரொம்ப ஸ்லோவா ஓடுதுன்னு பசங்க சொன்னாங்க தம்பி, அதான் ரெண்டு மாசம் முன்னாடி பெரிய பிளானுக்கு மாத்தினேன்." கூடுதலாக அவர் கட்டிய பணமும் தோண்டுகிறவனுக்குத்தான் போயிருந்தது.

பையன் அந்த பிராசஸை நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது. மறுபடி நிறுத்தினான், மறுபடி வந்தது. "ஃபயர்வால்லாம் அன்னைக்கே போட்டுட்டேன் மாமா" என்று சொல்லி, எந்த போர்ட் திறந்திருக்கலாம் என்று காவல் பார்க்கிற அதன் நிலவரத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினான். 22, 80, 443, இந்த மூன்று போர்ட்தான் திறந்திருக்கிறது, மீதி எல்லாம் அடைப்பு என்று அது சொன்னது. நான் என் மெஷினில் இருந்து, அதாவது வெளியிலிருந்து, ஒரு ஸ்கேன் போட்டுப் பார்த்தேன். 6379 திறந்திருந்தது. தளத்துக்கு வேண்டிய தகவலை மெமரியில் வைத்திருக்கிற ஒரு மென்பொருளின் போர்ட் அது. ரெடிஸ். பாஸ்வேர்ட் இல்லை.

இது எப்படி நடக்கும் என்றால், ரெடிஸை அவன் டாக்கரில், அதாவது மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டுகிற ஒரு கருவியில் ஓட்டியிருந்தான். டாக்கரில் ஒரு போர்ட்டை வெளியே தெரிகிற மாதிரி எழுதினால், அது உபுண்டுவின் (அந்த சர்வரில் ஓடிய லினக்ஸ் வகை) ஃபயர்வால் விதிகளைக் கேட்காமல் தன் வழியில் போர்ட்டைத் திறந்துவிடும். ஃபயர்வாலின் நிலவரத்தில் அது வராது. ரெடிஸுக்கு என்று 2016-இல் கொண்டுவந்த ஒரு பாதுகாப்பு உண்டு, பாஸ்வேர்ட் இல்லாவிட்டால் வெளியாட்களுக்குப் பதில் சொல்லாது. ஆனால் டாக்கரில் வருகிற ரெடிஸில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். நிறைய பாடங்களில் அந்த ஒரு வரியை அப்படியே எழுதிக் காட்டியிருப்பார்கள், அவனும் அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான். பூட்டு போட்டான், பூட்டு போட்டதைச் சரிபார்த்தான், அது பூட்டியிருக்கிறது என்றும் சொன்னது. அவன் அசட்டையாக இருந்தான் என்று என்னால் சொல்ல முடியாது. வெளியிலிருந்து ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அது மட்டும்தான் விட்டுப்போனது.

எனக்கு இந்த விஷயம் திரும்பிய இடம் இதற்கப்புறம்தான். போர்ட்டை அடைத்தாயிற்று, பிராசஸ் போய்விட்டது, மாஸ்டருக்கு மூச்சு வந்தது. "நல்லவேளை, கேள்வித்தாள்தானே இருந்துச்சு, வேற ஒண்ணும் இல்லையே" என்றார். அப்போது பையன் மெதுவாக, "மாமா, ரெஜிஸ்டர் பண்றப்போ ஆதார் காப்பி அப்லோட் பண்ணச் சொன்னோம்ல?" என்றான். சில நூறு பிள்ளைகள். பெயர், போன் நம்பர், சாதிச் சான்றிதழ், ஆதார். ஆள்மாறாட்டம் வராமல் இருக்கட்டும் என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறார்கள், அப்புறம் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மாஸ்டர் என்னிடம் கேட்டார்: "தம்பி, அதெல்லாம் வெளிய போயிடுச்சா?"

தெரியாது சார் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். இந்த மாதிரி மால்வேருக்குப் பொதுவாக ஃபைல்களில் ஆர்வம் இல்லை என்பது உண்மை. ஆனால் அதே கதவு வழியாக வேறு யார் வந்தார்கள் என்று சொல்ல வேண்டிய லாக், இடம் நிறைகிறதென்று வாரத்துக்கு ஒருமுறை தானே அழிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது. கதவு திறந்து கிடந்ததோ வருடக்கணக்கில். அதைச் சொன்னதும் அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "பிள்ளைங்ககிட்ட நான் சொல்லணும்ல" என்றார். எந்தச் சட்டத்தையும் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. முப்பது வருடம் வகுப்பறையில் நின்ற மனுஷன் தானாக வந்து சேர்ந்த இடம் அது. சனிக்கிழமைத் தேர்வை காகிதத்தில் நடத்திவிட்டு, அன்றைக்கே வகுப்பில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார்.

அப்போ பொறுப்பு யாருக்கு

சட்டம் என்று பார்த்தால் அதுவும் அவர் பக்கம்தான் கை காட்டுகிறது. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி இந்த மாதிரி ஊடுருவலை நிறுவனங்கள் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேரடியாகப் பேசுகிறது: எதற்காக அந்தத் தகவலைச் சேகரிக்க வேண்டும் என்று முடிவு செய்தவரே பொறுப்பு, அவருக்காக வேறு யார் அதைக் கையாண்டாலும் சரி. போதிய பாதுகாப்பு செய்யவில்லை என்றால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அந்த எண் பெரிய நிறுவனங்களை மனதில் வைத்து எழுதியது, ஆனால் கொள்கை எல்லாருக்கும் ஒன்றுதான். அக்கா பையன் போட்டான் என்பதோ ஹோஸ்டிங் கம்பெனி இருக்கிறது என்பதோ பதிலாகாது.

ஆனால் எல்லாவற்றையும் மாஸ்டர் தலையில் கட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மெம்கேஷ்டு கதையில் திருத்தம் எங்கே வந்தது பாருங்கள். தாக்குதல்கள் நடந்த அந்த நாட்களிலேயே 1.5.6 பதிப்பில், கேட்டது யார் என்று சரிபார்க்காமல் பதில் அனுப்ப வழிவிட்ட யு.டி.பி. வசதியை இயல்பிலேயே அணைத்துவிட்டார்கள். மாங்கோடிபி என்கிற டேட்டாபேஸ் மென்பொருளும் அப்படித்தான். 2017 ஜனவரியில் பாஸ்வேர்ட் இல்லாமல் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான டேட்டாபேஸ்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள், அந்த வருடம் வந்த 3.6 பதிப்பிலிருந்து தன் மெஷினுக்குள்ளிருந்து வருகிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற மாதிரி மாற்றினார்கள். லட்சம் பேருக்குப் பாடம் எடுப்பதைவிட இந்த மாதிரி ஒரு வரி மாற்றம் அதிகம் காப்பாற்றும். நான் இருந்த வேலையிலும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தது இதற்காகத்தான்: புதிதாக சர்வர் எடுப்பவருக்கு, சர்வருக்கு வெளியே நெட்வொர்க்கிலேயே எல்லா போர்ட்டையும் அடைத்துக் கொடுங்கள், வேண்டியதை அவர் கேட்டுத் திறந்துகொள்ளட்டும். உதவி கேட்டு வருகிற டிக்கெட் அதிகமாகும் என்பார்கள். ஆகட்டுமே.

தெரியாதவன் வைக்கக் கூடாது என்கிற தீர்ப்பையும் நான் ஏற்கவில்லை. எல்லாரும் பயந்து நாலு பெரிய கம்பெனிக்குள் போய் ஒடுங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கவே மாட்டேன். கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் தேர்வு நடத்த ஒரு வாத்தியார் சொந்தமாக ஒரு தளம் வைத்திருப்பது நல்ல விஷயம், அது இருக்க வேண்டும். ஆனால் தெரிந்த அளவுக்குத்தான் சுமக்க வேண்டும். சர்வரில் எத்தனை சாஃப்ட்வேர் ஓடுகிறதோ அத்தனையையும் கவனிக்க ஆள் வேண்டும், எத்தனை பேர் தகவல் இருக்கிறதோ அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். நிபுணராக ஆவது எல்லாராலும் முடியாது. குறைத்துக்கொள்வது முடியும். தொடர்புக்கு ஒரு பக்கம் வேண்டும் என்கிறவருக்கு வி.பி.எஸ்.ஸே தேவையில்லை, சாதாரணமாக நாலு எச்.டி.எம்.எல். பக்கம் போட்டு வைக்க நிறைய இடம் இருக்கிறது.

அப்டேட் விஷயத்தில் எங்கள் ஆட்கள் சொல்கிற ஒன்றை நான் அடியோடு மறுப்பேன். தானாக அப்டேட் ஆக விடாதே, எதாவது உடைந்துவிடும் என்பார்கள். உட்கார்ந்து பரிசோதித்துப் பார்க்க ஆள் இருக்கிற இடத்தில் அது சரி. மாஸ்டர் மாதிரி ஆளுக்கு இல்லை. தளம் கட்டுகிற மென்பொருளான வேர்ட்பிரஸ் 2017 ஜனவரி 26-இல் 4.7.2 பதிப்பை விட்டபோது அதில் அடைக்கப்பட்ட பெரிய ஓட்டை ஒன்றைப் பற்றி ஒரு வாரம் வெளியே சொல்லவே இல்லை, தானாக அப்டேட் ஆகிற தளங்கள் முதலில் தப்பிக்கட்டும் என்று. சொன்ன சில நாளில் லட்சக்கணக்கான பக்கங்களில் யார் யாரோ தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போனார்கள். அடிபட்டதெல்லாம் அப்டேட் ஆகாமல் நின்றிருந்த தளங்கள். ஒருநாள் தளம் உடைந்து நின்றால் போன் வரும், சரி செய்துகொள்ளலாம். ஓட்டையோடு ஓடிக்கொண்டிருந்தால் யாரும் போன் செய்ய மாட்டார்கள். பேக்கப்பும் அப்படித்தான், அதே கட்டடத்தில் இருப்பது பேக்கப் ஆகாது. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓ.வி.ஹெச். என்கிற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது அதைத் தெரிந்துகொண்டவர்கள் நிறைய.

மாஸ்டர் இப்போதும் சர்வர் வைத்திருக்கிறார். பழையது உபுண்டு 18.04, அதற்கு வழக்கமான ஆதரவு 2023-லேயே முடிந்துவிட்டது, அதனால் புதிதாக ஒன்று எடுத்து மாற்றினார்கள். ஆதார் கேட்பதை நிறுத்திவிட்டார், பதிவு எண்ணும் பெயரும் போதும் என்று. இருந்த காப்பிகளை பையன் ஊருக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார வைத்து அழிக்கச் சொன்னார். டாக்கரில் எந்த போர்ட்டும் வெளியே தெரியாது, மாதத்துக்கு ஒருமுறை பையன் பெங்களூரில் இருந்து வெளிப்பக்கமாக ஸ்கேன் போட்டு முடிவை மாமாவுக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறான், மூன்று எண்ணுக்கு மேல் வந்தால் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஹோஸ்டிங் கணக்கில் இப்போது அவருடைய சொந்த மெயிலும் போன் நம்பரும் இருக்கின்றன. அதில் வருகிற மெயில் எதாவது புரியவில்லை என்றால் எனக்குத் தள்ளிவிடுவார். போன வாரம் ஒன்று வந்தது, கெர்னல் அப்டேட் ஆகியிருக்கிறது, ரீபூட் தேவை என்று. "ஞாயித்துக்கிழமை தேர்வு முடிஞ்சதும் பண்ணிக்கலாமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் சார், இன்னைக்கு ராத்திரியே பண்ணிடுங்க, ரெண்டு நிமிஷ வேலை என்றேன். பத்து மணிக்குப் பண்ணிவிட்டு, தளம் திரும்ப வந்துவிட்டது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்.